சிவப்புப் பொட்டும் சர்வே நம்பரும்

சென்னிமலைப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளை வைத்து, ஊரில் குப்பை எரியும் இடம், மழை நாளில் நிறம் மாறி ஓடும் பள்ளம், குடிக்க ஆகாமல் போன கிணறு எல்லாவற்றையும் செல்போனில் குறித்து, யார் தொட்டாலும் படமும் பிள்ளைகளின் குரலும் வருகிற மாதிரி ஒரு வரைபடம் செய்யலாமா, எந்த ஆப் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப் பற்றி நாலு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் கடைசியில், "இதை வைத்து ஏதாவது நடக்குமா, பிள்ளைகளுக்கு ஒன்றும் வந்துவிடாதே" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்வியே அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் நில அளவை படித்தவன். பிழைப்புக்குச் செய்வதும் அதுதான். பத்துப் பன்னிரண்டு வருடமாக, ஓய்ந்த சனிக்கிழமைகளில் நொய்யல் பக்கத்து ஊர்களிலும் அமராவதிப் பக்கத்து ஊர்களிலும் பிள்ளைகளோடு சேர்ந்து வரைபடம் போட்டிருக்கிறேன். வக்கீல் இல்லை, வேதியியலும் படிக்கவில்லை. ஆகவே இடம், அளவு, பதிவு பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, அது உடம்பை என்ன செய்யும் என்பதற்கு வேறு ஆள் பாருங்கள்.

முதலில் ஆப். ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004 இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம். அதன் மேல் யூமேப் என்கிற இலவசக் கருவியில் உங்கள் புள்ளிகளைத் தனி அடுக்காகப் போடலாம். படம், குரல் இணைப்பு, தமிழ் எழுத்து எல்லாம் ஏறும். களத்தில் பதிவு எடுக்க கோபோ டூல்பாக்ஸ் போதும். கேள்விகளைத் தமிழிலேயே அமைக்கலாம், சிக்னல் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். ஒரே ஒரு எச்சரிக்கை: கிணறு, ஓடை, வாய்க்கால், குளம், அடிபம்பு போன்ற கண்ணால் பார்த்து யாரும் சரிபார்க்கக்கூடிய பொருள்களை மட்டும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுங்கள். "இங்கே நாத்தம்", "இந்தத் தண்ணி கெட்டது" என்பதெல்லாம் உங்கள் யூமேப் அடுக்கோடு நிற்கட்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினால் வேறொரு ஆர்வலர் அழித்துவிடுவார், அவர் அழிப்பதும் நியாயம்தான்.

ஆனால் போனைக் கையில் கொடுத்து ஆரம்பிக்காதீர்கள். கொடுத்தால் பிள்ளைகள் போனைப் பார்ப்பார்கள், ஊரைப் பார்க்க மாட்டார்கள். நான் ஆரம்பிப்பது பள்ளி வாசலில் கோலமாவை வைத்து. பெரியவர்களை ஊர்ப்படம் போடச் சொன்னால் மாரியம்மன் கோயிலில் தொடங்கி, ஊராட்சி அலுவலகம் போய், பெரிய வீடுகளோடு முடித்துவிடுவார்கள். பிள்ளைகள் பெட்டிக்கடையில் தொடங்குவார்கள். அடுத்தது கடிக்கிற நாய் இருக்கிற சந்து. அதற்கடுத்து, யாரும் கேட்காமலே, "இந்த வழியா நாங்க மூக்கப் பொத்திட்டு ஓடுவோங்க சார்" என்று ஒரு கோடு விழும். அந்தக் கோடு எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் இருக்காது. கிணற்றுக்குச் சோடா மூடி, மரத்துக்கு வேப்பிலைக் கொத்து, ஓடைக்குச் சுண்ணாம்பு என்று அரை நாளில் ஊரே தரையில் வந்துவிடும். மறுவாரம் செயற்கைக்கோள் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, அதன் மேல் ஸ்டிக்கர் பொட்டு. சிவப்பு கெட்ட இடம், பச்சை பிடித்த இடம். பொட்டு அட்டை எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும், தப்பாக ஒட்டினால் பிரித்து ஒட்டலாம். இதைவிட நல்ல மென்பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்படிச் செய்வது புதிதல்ல. நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதி பெரும்பாலான வரைபடங்களில் வெறும் வெற்றிடமாகக் கிடந்தது. 2009 இல் அங்கிருந்த இளைஞர்களே ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து அதை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நிரப்பினார்கள். கொல்கத்தாவில் சேரிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்த் தங்கள் பகுதியை வரைந்து, போலியோ சொட்டு மருந்து எந்த வீட்டுக் குழந்தைக்கு விட்டுப்போயிற்று என்று கண்டார்கள். பார்சிலோனாத் தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தும் உலகச் சுற்றுச்சூழல் நீதி வரைபடத்தில் ஆயிரக்கணக்கான மோதல்கள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அது ஒரு அணை, ஒரு சுரங்கம் என்கிற அளவில் பேசும். உங்கள் ஊர்ப் பள்ளத்தின் அளவுக்கு இறங்காது. அந்த இடைவெளியில்தான் உங்கள் பிள்ளைகளுக்கு வேலை.

"சுற்றுச்சூழல் நீதி" என்று கேட்டால் பிள்ளைகளுக்குப் புரியாது. "வேலை எங்க, கழிவு எங்க?" என்று கேட்டால் புரியும். நம் பக்கத்தில் இதற்குப் பாடம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. திருப்பூர் பனியனில் வந்த பணம் நொய்யல் ஆற்றின் மேற்பக்கம் தங்கியது, சாயத்தண்ணி கீழ்ப்பக்கம் வந்தது. பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்குகிற தொட்டியாகிப்போனது உங்கள் ஊரில் பல வீடுகளில் தெரிந்த கதைதான். நொய்யல் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள் போட்ட வழக்கில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று 2006 இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009 இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நிற்காததால் 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. இதில் எதுவும் சந்தேகத்துக்குரியதல்ல, தீர்ப்புகளாகவே இருக்கின்றன.

இங்கே ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் பெயர் வேண்டாம். ஏழாம் வகுப்புப் பெண். மற்றவர்கள் எல்லாரும் ஒரு சாயப்பட்டறைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இவளும் ஒட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தன்னுடையதைப் பிரித்துவிட்டுப் பச்சையை ஒட்டியிருக்கிறாள். பக்கத்துப் பையன் சிரித்துவிட்டான். "எங்கப்பா அங்கதான வேலைக்குப் போறாரு" என்றாள். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே கேட்டாள்: "ஒரே எடத்துல ரெண்டும் ஒட்டலாமாங்க சார்?" 2011 இல் பட்டறைகள் மூடியபோது கீழே விவசாயிகள் பெருமூச்சு விட்டதும், திருப்பூரில் வேலை போனவர்கள் மூட்டை கட்டியதும் ஒரே மாதத்தில் நடந்தவை. அதற்கு என்னிடம் எந்தக் குறியீடும் இருக்கவில்லை. அன்றிலிருந்து நான் போடுகிற எல்லா வரைபடத்திலும் சிவப்பின் மேல் பச்சை என்று ஒரு அடையாளம் உண்டு. அந்த இடங்களில் "மூடு" என்று கேட்காமல் "சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடுகிறதா" என்று கேட்கிறோம். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். முன்கூட்டியே மூன்றாவது அடையாளத்தை வைத்துவிடுங்கள், அந்தப் பிள்ளை வாய்விட்டுக் கேட்க வேண்டிய நிலை வராமல்.

இனி, ஏதாவது நடக்குமா என்பது. நேராகச் சொல்கிறேன்: பிள்ளைகள் போட்ட புள்ளி சட்டப்படி ஆதாரம் ஆகாது. பிள்ளைகள் என்பதால் அல்ல. நீங்களோ நானோ பாட்டிலில் பிடித்துப்போன தண்ணீரும் ஆகாது. 1974 ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, கழிவுநீர் மாதிரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆள் எப்படி எடுக்க வேண்டும், ஆலைக்காரருக்கு எப்படி அறிவிப்புத் தர வேண்டும், எப்படி முத்திரை வைக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த முறை தவறினால் ஆய்வு முடிவை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. அப்படியானால் எதற்கு இத்தனை பாடு? வாரியத்தின் ஆள் எந்த இடத்தில், எந்த நேரத்தில் வந்து நிற்க வேண்டும் என்று சொல்வதற்கு.

இடத்தைச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. நேரத்தைச் சொல்லத்தான் ஆளில்லை. கழிவைத் திறந்துவிடுகிறவர்கள் புதன்கிழமை காலை பதினோரு மணிக்குத் திறந்துவிடுவதில்லை. அதிகாரி வருவதோ புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு. ஒரு ஊரில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "சனிக்கெழம ராவானா எங்கம்மா சன்னலச் சாத்திருவாங்க" என்றான். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை. "அப்பிடித்தான் எப்பவும்" என்றான். அதற்கப்புறம் எட்டு வாரம், பிள்ளைகள் வீட்டுக் காலண்டரில் நாத்தம் வந்த நேரத்தை மட்டும் எழுதினார்கள். சனிக்கிழமையும், மழை பிடித்த ராத்திரிகளும் தனியாக எழும்பி நின்றன. அந்தத் தாளை வைத்து மனு போட்ட பிறகு ஒரு சனிக்கிழமை ராத்திரி ஆள் வந்தார்கள். என்ன கிடைத்தது, என்ன நடவடிக்கை என்பது எங்களுக்கு முழுதாகச் சொல்லப்படவில்லை. அதன் பிறகு நாத்தம் குறைந்தது. பயந்து நிறுத்தினார்களா, வேறு பக்கம் திருப்பினார்களா என்பதை இந்தக் காலண்டரை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் படிவத்தில் நேரம் என்கிற கட்டத்தை முதலில் வையுங்கள், படத்தைக் கடைசியில் வையுங்கள்.

இன்னொன்று அளவையாளனாகச் சொல்வது. செல்போன் ஜி.பி.எஸ். திறந்த வெளியில்கூட ஐந்து மீட்டர் வரை பிசகும். கட்டடங்களுக்கு நடுவிலும் தென்னந்தோப்புக்குள்ளும் இன்னும் கூடும். வரப்பு ஓரத்துக் கிணறு என்றால் அந்தப் பிசகிலேயே ஒருவர் காட்டிலிருந்து அடுத்தவர் காட்டுக்குப் போய்விடும், பங்காளிச் சண்டை வேறு கிளம்பும். அதுபோக, அட்சரேகை தீர்க்கரேகையை எழுதி வி.ஏ.ஓ.விடம் கொடுத்தால் அவர் அதை என்ன செய்வார்? நம் வருவாய்த் துறை பேசுகிற மொழி சர்வே நம்பர். ஒவ்வொரு சிவப்புப் பொட்டுக்கும் சர்வே நம்பரும் உட்பிரிவும் கண்டுபிடித்து எழுதுங்கள். நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படம் அரசின் இணையச் சேவையில் இலவசமாகவே கிடைக்கிறது. "ஓடையில் கழிவு" என்று போகிற மனு மேசையில் தூங்கும். "சர்வே நம்பர் இத்தனை, வகைப்பாடு ஓடைப் புறம்போக்கு" என்று போகிற மனுவுக்கு யாராவது எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் புலப்படத்தைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஜியோமெட்ரி பாக்ஸ் அப்போதுதான் முதல்முறையாக உபயோகப்படுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

டி.டி.எஸ். மீட்டர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்குங்கள், விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் அது காட்டுவது தண்ணீரில் கரைந்த உப்பின் தோராய அளவை மட்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. சாயத்தின் நிறமோ, தோல் பதனிடும் ஷாப் கழிவின் குரோமியமோ, பூச்சி மருந்தோ பேனா மாதிரி இருக்கிற அந்த மீட்டருக்குத் தெரியாது. பெரிய சங்கடம் வேறொன்று. கொங்கு நாடு பாறை நிலம், கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் இயற்கையிலேயே உப்பு. "உப்புத்தண்ணி", "நல்லதண்ணி" என்று இரண்டு குடம் வைத்துப் பழகியது சாயப்பட்டறை வருவதற்கு முன்பே. ஒரு முறை ஆற்றோரக் கிணற்றில் எண் எகிறியதும் பிள்ளைகள் "சாயம்! சாயம்!" என்று கத்தினார்கள், நானும் நம்பினேன். மூன்று கிலோமீட்டர் தள்ளி மேட்டுக்காட்டில் இருந்த கிணறும் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டியது. அங்கே கழிவு போக வழியே இல்லை. அந்த வாரம் ஒட்டிய பாதிப் பொட்டைப் பிரித்தோம். அதனால் ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். அதே கிணறு பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது, ஆற்றோரத்துக்கும் மேட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். சந்தேகம் வலுத்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிக்குக் கொடுத்த சோதனைப் பெட்டி எங்காவது பீரோவுக்குள் இருக்கும். ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது அந்தத் திட்டத்தின் ஏற்பாடு. அந்த அக்காமார்களைப் பள்ளிக்குக் கூப்பிடுங்கள்.

நோயை வரைபடத்தில் போடாதீர்கள். "இந்த வீட்டில் கேன்சர்" என்று பிள்ளைகள் சொல்வார்கள், ஊரும் சொல்லும். நாற்பது வீட்டில் மூன்று பேருக்கு நோய் என்பதை வைத்து எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வீட்டில் நாளைக்குப் பெண் பார்க்க வர மாட்டார்கள் என்பது மட்டும் உறுதி.

பிள்ளைகளுக்கு ஒன்றும் வந்துவிடாதே என்ற பயத்துக்கு வருகிறேன். வரலாம். ஒரு ஊரில் வந்திருக்கிறது. தலைமையாசிரியருக்கு ஒரு போன், ஒரு பையனின் அப்பாவுக்கு வேலையில் ஒரு முறைப்பு, அதோடு நின்றது. அதற்கப்புறம் எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்: குறிப்பது பிள்ளைகள், கையெழுத்து பெரியவர்கள். பொதுவில் காட்டுகிற வரைபடத்தில் பிள்ளையின் பெயர், முகம், சீருடை, வீட்டுப் புள்ளி எதுவும் இருக்காது. செல்போன் படத்துக்குள்ளேயே எடுத்த இடம் பதிந்திருக்கும், ஏற்றுவதற்கு முன் அதை நீக்க வேண்டும். குரல் பதிவு அழகாகத்தான் இருக்கும், ஆனால் சின்ன ஊரில் குரலே பெயர்தான். பிள்ளை சொன்னதை இன்னொருவர் வாசித்துப் பதியுங்கள். ஆலையின் பெயரை எழுதாமல் "இந்தக் குழாய் வாயில், இந்த நேரத்தில், இந்த நிறத்தில்" என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். 2023 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தை என்கிறது, பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. எழுத்தில் வாங்கிவிடுங்கள். யூமேப்பில் திருத்தும் இணைப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் மறுநாள் யாராவது ஒருவர் ஊரையே நகர்த்தி வைத்திருப்பார்.

யார் நடக்க வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன நீதி எல்லாம் வெறும் பேச்சு. ஊர் வளவுப் பிள்ளைகள் மட்டும் நடந்தால் வரைபடம் ஊரோடு நின்றுவிடும். குப்பை கொட்டுகிற பள்ளமும் சாக்கடை போய்ச் சேருகிற இடமும் பெரும்பாலும் காலனிப் பக்கமாக இருப்பதற்கு நில மட்டம் மட்டும் காரணமில்லை. "காலனி" என்கிற சொல்லைப் பதிவேடுகளிலிருந்து எடுப்பதாக 2025 இல் அரசு அறிவித்தது நல்லதுதான். சாக்கடை இன்னும் அந்தத் திசையில்தான் ஓடுகிறது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் கலந்து குழு போடுங்கள், இரண்டு தெருவிலும் எல்லாரும் நடக்கட்டும். நான் போன ஓர் ஊரில், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சிலர் அந்தத் தெருவுக்குள் முதல்முறையாக வந்தது அன்றைக்குத்தான். மில் குவார்ட்டர்ஸில் இருக்கிற ஒடியா, இந்தி பேசுகிற பிள்ளைகள் பள்ளிப் பதிவேட்டிலேயே இல்லாமல் இருக்கலாம். புகைக்கு மிகப் பக்கத்தில் தூங்குகிறவர்கள் அவர்கள்தான். எனக்கு இது பாதி ஊர்களில்தான் கைகூடியது.

ராஜர் ஹார்ட் என்கிற புவியியலாளர் 1992 இல் யுனிசெஃப்புக்காகக் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கீழே மூன்று படிகளும் பங்கேற்பே அல்ல என்றார்: ஆட்டி வைப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்குச் சேர்த்துக்கொள்வது. தொப்பி மாட்டி, மரக்கன்றைக் கையில் கொடுத்து, பதாகையோடு போட்டோ எடுக்கிற விழாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று படிகள்தான் நினைவுக்கு வரும். எந்தச் சிவப்புப் பொட்டை மனுவாக மாற்றுவது என்று பிள்ளைகளையே ஓட்டுப் போட வையுங்கள். நீங்கள் பெரிது என்று நினைத்த சாயப்பள்ளம் தோற்று, பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் தேங்குகிற தண்ணீர் ஜெயிக்கலாம். ஜெயித்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. பிள்ளைகளுக்கு அதில் ஓட்டு இல்லை, ஆனால் வரைபடத்தை அச்செடுத்துச் சுவரில் மாட்ட யாரும் தடுக்க முடியாது. தீர்மானமாக எழுதவைத்து, நகல் வாங்கி, அதோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லையென்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த மனு என்னாயிற்று என்று கேளுங்கள்.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்கு முன்னால் ஒரு சுற்று அளந்துவிடுங்கள். பெரும்பாலும் ஆகஸ்ட் பாதியில் திறப்பார்கள். தண்ணீர் வந்துவிட்டால் கசிவு ஏறி வாய்க்காலுக்குக் கீழே உள்ள கிணறுகளில் எண் மாறிவிடும், அப்புறம் முந்தைய நிலை என்னவென்று தெரியாமலே போய்விடும். உங்கள் ஊர் வாய்க்காலுக்கு மேற்புறமா கீழ்ப்புறமா என்று மட்டும் இங்கே எழுதுங்கள், ஊர்ப் பெயர் வேண்டாம். எந்தெந்தக் கிணறுகளை ஜோடி போட்டு அளக்கலாம் என்று சொல்கிறேன்.